பம்பில் 22, கடைசி மரத்தில் 9: மேப்பிள் சாற்றுக்கு வெற்றிடக் குழாய்

பெப்ரவரி 6, மாலை (கேள்வி)

அக்கா, ஒன்ராறியோவில் லானார்க் மாவட்டத்தில், பெர்த் நகரிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு மேப்பிள் தோப்பு வாங்கியிருக்கிறேன். 250 துளைகள் போடலாம். போன பருவத்தில் வாளி தூக்கியே தோள் கழன்றுவிட்டது. இம்முறை பழைய பால்பண்ணை வெற்றிடப் பம்பு ஒன்று கிடைத்தது. இரண்டு பிரதான குழாய்களும் அவற்றில் சேரும் கிளைக் குழாய்களும் இழுத்தாகிவிட்டது. இன்னும் மரங்களைத் துளைக்கவில்லை. மரத்துளையில் செருகும் முனைகளையெல்லாம் மூடிவைத்துவிட்டு, வெயில் வந்த நேரத்தில் பம்பை ஓட்டிப் பார்த்தேன். பம்பருகே வெற்றிட மானி 22 பாதரச அங்குலம் காட்டுகிறது. மேட்டில் உள்ள கடைசி மரத்தில் 9தான். பெரிய பம்பு வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் விற்றவர். வாங்கட்டுமா?

பெப்ரவரி 6, இரவு

வாங்காதீர்கள், தம்பி. அந்தப் பணத்தைக் கையிலேயே வைத்திருங்கள்.

காற்று நகராத குழாயில் வெற்றிடம் எங்கும் ஒரே அளவுதான். பம்பில் 22 என்றால் மேட்டிலும் 22 இருந்தாக வேண்டும். இடையில் 13 அங்குலம் காணாமற்போகிறது என்றால், வழியில் எங்கெங்கோ காற்று நுழைந்து, குழாய் நெடுக உராய்ந்துகொண்டு பம்பை நோக்கி ஓடிவருகிறது. இதற்குப் பெரிய பம்பு வைத்தால் பம்பருகே 25 ஆகும், மேட்டில் 10 ஆகும். மின்கட்டணம் மட்டும் நன்றாக ஏறும்.

100 துளைகளுக்கு நிமிடத்துக்கு 1 கன அடி காற்றை இழுக்கும் பம்பு போதும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. உங்கள் 250 துளைகளுக்கு 2.5 கன அடி. பல மாடுகளை ஒரே நேரத்தில் கறப்பதற்காகச் செய்த பம்பு அதைவிடப் பல மடங்கு இழுக்கும். இவ்வளவு பெரிய பம்பே தோற்கிறது என்றால் கசிவு எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள்.

இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. வெற்றிடம் ஓர் அங்குலம் கூடினால் சாறு 5 முதல் 7 விழுக்காடு கூடும் என்பது வெர்மாண்ட் பல்கலைக்கழகத்தின் புரொக்டர் மேப்பிள் ஆய்வு நிலையம் பல ஆண்டுகள் அளந்து சொன்னது. அந்த அங்குலம் மரத்தின் துளையில் இருக்க வேண்டும். பம்பில் இருந்து பயனில்லை.

பெப்ரவரி 7

கசிவைத் தேட நான் செய்யும் வரிசை இது.

முதலில் ரிலீசர் (வெற்றிடத்தை விடாமல் சாற்றை மட்டும் தொட்டிக்கு இறக்கும் பெட்டி) அருகே இரண்டு பிரதான குழாய்களின் வால்வுகளையும் மூடுங்கள். இப்போது பம்பும் ரிலீசரும் ஈரம் பம்புக்குள் போகாமல் இடையில் பிடிக்கும் ஈரப்பொறியும் மட்டுமே பேசுகின்றன. மானி பம்பின் உச்சத்துக்கு ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் காட்டுக்குள் கால்வைக்கவே வேண்டாம். கோளாறு கொட்டகைக்குள் இருக்கிறது. ரிலீசரின் மூடி ரப்பரில் ஒரு மணல் துகள் இருந்தாலே போதும்.

அடுத்து ஒரு வால்வை மட்டும் திறங்கள். மானி எவ்வளவு விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பின் அதை மூடி மற்றதைத் திறங்கள். எது அதிகம் விழுகிறதோ அந்தக் குழாயோடு நடக்கத் தொடங்குங்கள். பிரதான குழாயின் நடுவிலும் ஒரு வால்வு இருந்தால் பாதிக் காடு நடை மிச்சம். இல்லையென்றால் இப்போதே போடுங்கள்.

காற்றில்லாத காலையில் போங்கள். கசிவு சீறும். காதை மூடும் தொப்பியைக் கழற்றிவிட்டு, கிளைக் குழாய் பிரதான குழாயில் சேரும் இடத்துக்குக் காதைக் கொண்டுபோங்கள். புதிதாகப் போட்ட அமைப்புகளில் பெரும்பாலும் அங்குள்ள இணைப்பில், நாங்கள் சேணம் என்று சொல்வதில்தான், கோளாறு. பிரதான குழாயில் போட்ட துளை நடுவை விட்டு விலகியிருக்கும், அல்லது துளையின் விளிம்பில் பிளாஸ்டிக் சீவல் ஒட்டிக்கொண்டு ரப்பரைப் படியவிடாது.

பெப்ரவரி 9

ஒரு வாசகர் காட்டமாக எழுதியிருக்கிறார்: "மரம் தானாகத் தருவதை வாங்கினால் போதாதா? பம்பு வைத்து உறிஞ்சுவது மரத்தின் உயிரை உறிஞ்சுவதல்லவா?"

நல்ல கேள்வி. எனக்கும் மரங்கள்தான் முதலில், பாகு பிறகுதான். அதனால் முழுவதும் எழுதுகிறேன்.

மேப்பிளில் சாறு வருவது உறைவதும் உருகுவதும் மாறிமாறி நடப்பதால். இரவில் சுழியத்துக்குக் கீழே போகும்போது மரத்தின் நார்களுக்குள் இருக்கும் வாயு சுருங்குகிறது, நீர் உறைகிறது, மரம் வேரிலிருந்து நீரை மேலே இழுத்துக்கொள்கிறது. பகலில் உருகும்போது அந்த வாயு விரிந்து உள்ளே அழுத்தம் ஏறுகிறது. வெளியே உள்ள காற்றழுத்தத்தைவிட உள்ளே அதிகமாக இருக்கும்வரை துளை வழியாகச் சாறு சொட்டும். இரண்டும் சமமானதும் நின்றுவிடும். வெற்றிடம் செய்வது ஒன்றுதான்: துளைக்கு வெளியே உள்ள அழுத்தத்தைக் குறைக்கிறது. உள்ளே அழுத்தம் குறைந்த பிறகும் வேறுபாடு மிச்சமிருப்பதால் ஓட்டம் நீள்கிறது. இரவில் நன்றாக உறையாத நாட்களில்கூடச் சாறு வருவது இதனால்தான்.

இதனால் மரத்துக்குத் தீங்கா என்பதையும் புரொக்டரில் பார்த்திருக்கிறார்கள். வெற்றிடத்தைக் கூட்டியதால் சாற்றின் இனிப்பு குறையவில்லை. துளையைச் சுற்றி மரம் பழுப்பாக மாறும் பகுதியும் பெரிதாகவில்லை. மரத்தைக் கெடுப்பவை வேறு. 25 சென்டிமீட்டர் விட்டம்கூட இல்லாத இளமரத்தைத் துளைப்பது. ஒரு துளை தாங்கும் மரத்தில் மூன்று போடுவது. ஆண்டுதோறும் ஒரே பட்டையில் குத்துவது. வாளிக்காலத்து 7/16 அங்குலத் துளையிலிருந்து இன்றைய 5/16க்கு வந்ததே மரத்துக்குக் கிடைத்த பெரிய நிம்மதி. வெற்றிடம் இருந்தால் பெரிய மரத்திலும் ஒரு துளையோடு நிறுத்திக்கொள்ளலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

பெப்ரவரி 10

குறுங்குறிப்பு. நேற்றைய வாசகர் "27 பவுண்டு வெற்றிடம்" என்று எழுதியிருக்கிறார். மானியில் உள்ளது பாதரச அங்குலம். கடல் மட்டத்தில் முழு வெற்றிடமே 29.9 அங்குலம்தான்; 27 அங்குலம் என்பது சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 13 பவுண்டு. எந்தப் பம்பாலும் 27 பவுண்டு இழுக்க முடியாது. காற்றுமண்டலத்திடமே அவ்வளவு இல்லை.

பெப்ரவரி 11

முந்தாநாள் எழுதியதை நினைத்துக்கொண்டே விறகு வெட்டினேன். மரத்துக்குத் தீங்கில்லை என்று நான் சொன்னது சாற்றைப் பற்றி. துளையைப் பற்றி அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது.

ஒவ்வொரு துளைக்கும் மேலும் கீழும் ஒரு நீண்ட பகுதியை மரம் தானே அடைத்துக்கொள்கிறது. அந்தப் பழுப்புப் பகுதியில் இனிச் சாறு ஓடாது. துளையின் வாய் ஓரிரு ஆண்டுகளில் மூடிவிடும். உள்ளே இருக்கும் பழுப்பு மூடாது, அதன்மேல் புது வளையங்கள் வளர்ந்துதான் தீர வேண்டும். மெதுவாகத் தடிக்கும் மரத்தில் துளைகள் வளர்ச்சியை முந்திவிடும். பம்பு இல்லாவிட்டாலும் இது நடக்கும். ஆனால் பம்பு வைத்தவர் முதலீட்டை எடுக்க வேண்டுமே என்று ஓய்வு வேண்டிய மரத்தையும் துளைக்கிறார். அந்தக் கவலை நியாயமானது.

இதற்கு ஒரு மலிவான வழி: முனையிலிருந்து கிளைக் குழாய்க்கு இறங்கும் தொங்கு குழாயை 75 முதல் 90 சென்டிமீட்டர் நீளத்துக்கு வையுங்கள். பலர் சிக்கனம் பார்த்து ஒன்றரை அடியில் வெட்டுகிறார்கள். குட்டைக் குழாய் எட்டும் இடத்தில்தானே துளைக்க முடியும்? நீளமாக இருந்தால் மரத்தின் மறுபக்கத்துக்கும், கிளைக் குழாய்க்குக் கீழேயும் போகலாம்.

பெப்ரவரி 16

தம்பி எழுதியிருக்கிறார்: வடக்குக் குழாயில் இரண்டு சேணங்கள் கோணலாக இருந்தனவாம், கிளைக் குழாயின் கடைசியில் மாட்டும் கொக்கி ஒன்றின் மூடியே இல்லையாம். சரிசெய்த பின் மேட்டில் 17. பம்பு அதே பம்புதான். மகிழ்ச்சி. இன்னும் 5 அங்குலம் எங்கேயோ இருக்கிறது, விடாதீர்கள்.

பம்பைப் பற்றி ஒன்று சேர்க்க வேண்டும். பால்பண்ணைப் பம்புகள் 15 அங்குலம் அளவில் ஓடுவதற்காகச் செய்யப்பட்டவை. 22இல் நாள் முழுவதும் ஓடினால் சூடேறும். கையை வைக்க முடியாத சூடு என்றால் எண்ணெய்ச் சொட்டைக் கூட்டுங்கள், கொட்டகைக் கதவைத் திறந்து காற்றோட்டம் கொடுங்கள். எண்ணெய் வெளுத்துப் பால் நிறமானால் ஈரம் உள்ளே போய்விட்டது, ஈரப்பொறியைப் பாருங்கள். அந்தப் பொறி இல்லாமல் ஓட்டாதீர்கள். ரிலீசரின் மிதவை ஒருமுறை சிக்கிக்கொண்டால் சாறு நேரே பம்புக்குள் போய்விடும்.

பெப்ரவரி 22

பெர்த் அண்ணா கேட்கிறார்: "3/16 அங்குலக் குழாய் போட்டால் பம்பே வேண்டாமாமே?"

சரிவு இருந்தால் உண்மைதான். வெர்மாண்டின் டிம் வில்மோட் ஆராய்ந்து பரப்பிய முறை அது. வழக்கமான 5/16 குழாயில் சாறு அடியில் ஓடும், மேலே காற்று நிற்கும். 3/16 அவ்வளவு ஒடுங்கியது என்பதால் சாறு குழாயை நிறைத்துக்கொண்டு இறங்குகிறது. இறங்கும் நீர்த்தூணின் எடையே மேலே வெற்றிடத்தை உண்டாக்குகிறது, ஓர் அடி இறக்கத்துக்கு ஏறத்தாழ 0.88 அங்குலம் வீதம். 30 அடி இறக்கம் உள்ள மலைச்சரிவில் உச்சி மரத்துக்கு 26 அங்குலம், மின்சாரமே இல்லாமல்.

ஆனால் எந்த மரத்துக்கு என்று பாருங்கள். தனக்குக் கீழே எவ்வளவு இறக்கம் இருக்கிறதோ அவ்வளவுதான் அந்த மரத்துக்குக் கிடைக்கும். அடிவாரத்தில் நிற்கும் மரத்துக்கு ஒன்றுமே இல்லை. சமதரைத் தோப்பில் அது வெறும் ஒடுங்கிய குழாய். தம்பியின் தோப்பு பெரும்பாலும் சமதரை என்பதால் நான் அதைப் பற்றிப் பேசவில்லை. உங்களுடையது சரிவு என்றால் பம்பு வாங்கும் முன் கட்டாயம் சோதித்துப் பாருங்கள்.

பெப்ரவரி 28

துளைக்கும் நாள் நெருங்குகிறது. எனக்குப் பிடித்த வேலை இது, அதனால் கொஞ்சம் நீளும்.

அலகு கூராக இருக்க வேண்டும். மழுங்கிய அலகு மரத்தைத் தேய்க்கும், துளையின் சுவர் கரடாகும், முனை படியாது. சற்றே மேல்நோக்கி, ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் ஆழம், நேராக உள்ளே, நேராக வெளியே; ஆட்டினால் வட்டம் நீள்வட்டமாகிவிடும். வெளியே வரும் சுருளைக் கையில் ஏந்திப் பாருங்கள். வெண்ணெய் நிறத்தில் ஈரமாக இருந்தால் உயிருள்ள மரம். பழுப்புத்தூள் வந்தால் அங்கே பழைய காயம் இருக்கிறது, அந்தத் துளையிலிருந்து சாறு எதிர்பார்க்க வேண்டாம்.

முனையை அடிப்பதில்தான் பலரும் வெற்றிடத்தை இழக்கிறார்கள். சிறிய சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். முதல் தட்டுகள் உள்ளீடற்ற ஒலி தரும். ஒரு கட்டத்தில் ஒலி தடித்து அடங்கும். அங்கே கையை நிறுத்துங்கள். அதற்குமேல் ஓர் அடி கொடுத்தால் துளைக்கு மேலும் கீழும் மயிரிழை அளவு மரம் விரியும். கண்ணுக்குத் தெரியாது. சாறு வரத் தொடங்கியதும் அந்தக் கீற்றில் ஈரம் மினுங்கும், காற்று உள்ளே சீறும். உறைந்த மரம் எளிதில் பிளக்கும். எனவே சுழியத்துக்குமேல் இருக்கும் பிற்பகலில் துளையுங்கள்.

முனைகள் ஆண்டுதோறும் புதியவை வேண்டும். இதில் சிக்கனம் கூடாது.

மார்ச் 4

மழையில் கொட்டகைக்குள் உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் குழாய் யோசனை யாருடையது என்று ஒருவர் கேட்டிருந்தார்.

பிளாஸ்டிக்குக்கு வெகுகாலம் முன்பே, 1916இல், நியூயார்க் மாநிலத்தின் மேஃபீல்டைச் சேர்ந்த வில்லியம் பிரவர் என்பவர் உலோகக் குழாய் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். மரத்திலிருந்து வாத்துக்கழுத்துபோல் வளைந்த குழாய் இறங்கி, கம்பியில் தொங்கும் தகரக் குழாயில் சேரும். உறைந்தால் சிக்கல், பொருத்துவதோ பெரும்பாடு. 1950களில் நெகிழும் பிளாஸ்டிக் வந்தபின்தான் காரியம் கைகூடியது. வெர்மாண்டின் நெல்சன் கிரிக்ஸ் 1959இல் தம் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். ஜார்ஜ் பிரீன், நியூயார்க்கின் ராபர்ட் லாம் ஆகியோரும் அதே காலத்தில் அதே வேலையில் இருந்தார்கள். ஐரோப்பியர் வருவதற்கு முன்பே இந்தக் காடுகளின் முதற்குடி மக்கள் இந்தச் சாற்றைச் சேர்த்துச் சர்க்கரை ஆக்கியதிலிருந்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

மார்ச் 13

ஓட்டம் தொடங்கிவிட்டது! காலையில் கழித்தல் 6, பிற்பகலில் 5. இங்கே லானார்க்கின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கம் எங்கள் தொட்டி மாலைக்குள் நிரம்பிவிட்டது.

தம்பி, கிளைக் குழாயில் குமிழி ஓடுகிறதே என்று பதறியிருக்கிறீர்கள். குமிழி இருக்கும். மரமே சாற்றோடு வாயுவையும் விடுகிறது. குமிழி எப்படி நகர்கிறது என்பதைப் பாருங்கள். சாறும் குமிழியும் மாறிமாறி, அவசரமில்லாமல் நகர்ந்தால் நல்லது. சாற்றுத் துண்டுகள் விட்டுவிட்டுப் பாய்ந்தோடினால் அந்தக் கிளையில் கசிவு இருக்கிறது. பிரதான குழாயில் சேரும் இடத்தில் நின்று ஒவ்வொரு கிளையையும் ஒரு நிமிடம் பார்த்தால் போதும், எந்தக் கிளையில் ஏற வேண்டும் என்று தெரிந்துவிடும். பிறகு மரம் மரமாகப் போங்கள். பாய்ச்சல் எந்த மரத்தோடு நிற்கிறதோ அங்கே கோளாறு.

கிளைக்கு ஐந்து துளைகள் என்று வைத்திருந்தால் இந்தத் தேடல் எளிது. பத்துக்கு மேல் போட்டவர்கள் நொந்துபோவார்கள்.

மார்ச் 14

அணில். நேற்று இரவோடு இரவாக எங்கள் தெற்குக் கிளை முழுவதும். இரட்டைப் பல் தடம், அருகருகே. ஒரே இடத்தில் கடித்துவிட்டுப் போகாது. கம்பிமேல் நடந்துகொண்டே ருசி பார்க்கும்.

ஒட்டுவதற்குச் சுற்றுப்பட்டை வேண்டாம், நிற்காது. கடிபட்ட துண்டை வெட்டி எறிந்துவிட்டு இணைப்பான் போடுங்கள். குளிரில் பிளாஸ்டிக் எலும்புபோல் இறுகியிருக்கும், இணைப்பான் ஏறாது. ஒரு தெர்மாஸில் வெந்நீர் கொண்டுபோங்கள். குழாய் முனையை அதில் சற்று நேரம் அமிழ்த்தினால் குழைந்துவிடும், வழுக்கிக்கொண்டு உள்ளே போகும், ஆறியதும் பிடித்துக்கொள்ளும். வெட்டு செங்குத்தாக இருக்க வேண்டும். கத்தியால் அறுத்தால் கோணும். இருபுறமும் குழாயைப் பிடித்து வெட்டும் இரட்டைக்கைக் கருவி விலை கூடியதுதான். பம்புக்கு வைத்திருந்த பணத்தில் அதை வாங்குங்கள்.

மார்ச் 17

இரவில் பம்பை நிறுத்தலாமா? எல்லோரும் கேட்கும் கேள்வி.

சாறு உறையும்வரை ஓட விடுங்கள். குழாய்களைக் காலிசெய்துவிட்டு நிறுத்துவதே நல்லது. காரணம் இது. மரம் மீண்டும் உறையும்போது நீரை உள்ளே இழுக்கும் என்று பெப்ரவரி 9இல் எழுதியிருந்தேன். வேரிலிருந்து மட்டும் அல்ல, துளையிலிருந்தும் இழுக்கும். தொங்கு குழாயில் தேங்கிய சாறு, அதில் பெருகிய நுண்ணுயிர்களோடு, திரும்பிப் போய் மரத்தின் நாளங்களை அடைக்கிறது. பருவத்தின் பாதியிலேயே துளை வறண்டுபோவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். மரம் தந்துகொண்டிருக்கும்போதே வாசல் மூடிவிடுகிறது.

செக் வால்வு முனை இதற்காகப் பிறந்தது. புரொக்டரின் டிம் பெர்கின்ஸ் உருவாக்கியது. முனைக்குள் ஒரு சிறு பந்து. சாறு வெளியேறும்போது விலகி நிற்கும். திரும்ப ஓடப் பார்த்தால் போய் வாயை அடைக்கும். கசிவு வந்தாலும் பம்பு நின்றாலும் மரத்துக்குள் அழுக்கு போகாது. பம்பு பழையது, எந்த நேரமும் நிற்கலாம் என்ற நிலையில் உள்ளவர்களுக்கு இது கூடுதலாகப் பயன்படும்.

மார்ச் 21

தம்பி மேட்டில் 21 எடுத்துவிட்டார். பம்பில் 22, கடைசி மரத்தில் 21! இந்த இழையைப் படிக்கும் எல்லோரும் கொண்டாட வேண்டிய செய்தி.

ஆனால் இன்று வந்த செய்தியில் குரல் களைத்திருக்கிறது. "அக்கா, தொட்டி நிரம்பி வழிகிறது, காய்ச்சி முடியவில்லை."

இதை முன்பே பேசியிருக்க வேண்டிய இடம் இந்த இழை, யாரும் கேட்கவில்லை. கணக்குப் போடுவோம். வாளியில் ஒரு துளை ஒரு பருவத்தில் ஏறத்தாழ 1 லிட்டர் பாகுக்கு வேண்டிய சாறு தரும். நல்ல வெற்றிடத்தில் 2 லிட்டர் பாகுக்கு. சாற்றின் இனிப்பு 2 விழுக்காடு என்றால் 1 கலன் பாகுக்கு 43 கலன் சாறு வேண்டும். 86ஐ இனிப்பின் விழுக்காட்டால் வகுக்கும் இந்த வாய்பாடு வெர்மாண்டின் ஜோன்ஸ் தந்தது. உங்கள் 250 துளைகள் ஒரு நல்ல நாளில் துளைக்கு 2 கலன் வீதம் 500 கலன், அதாவது ஏறத்தாழ 1,900 லிட்டர் தரும். உங்கள் 2க்கு 6 அடிக் காய்ச்சும் தட்டு மணிக்கு ஏறத்தாழ 90 லிட்டர் ஆவியாக்கும். 21 மணி நேரம். அடுத்த நாளும் அதே அளவு சாறு வந்து நிற்கும், தூங்குவது எப்போது?

சாறு காத்திருக்காது. வெயிலில் ஒரு நாள் கிடந்தால் கலங்கும், பாகு கறுக்கும்.

எதிர்ச்சவ்வூடு பரவல் இயந்திரம்தான் வழி. வீட்டுக் குடிநீர் வடிகட்டியில் உள்ள அதே சவ்வு. 2 விழுக்காட்டுச் சாற்றை 8 ஆக்கினால் முக்கால் பங்கு நீர் நெருப்பில்லாமலே போய்விடும். 1,900 லிட்டர் 475 ஆகும், ஐந்தரை மணி நேரத்தில் அடுப்பை அணைக்கலாம். விறகும் நான்கில் ஒரு பங்கு. இந்த ஆண்டு வாங்க முடியாது என்றால், காய்ச்ச முடிந்த அளவுக்கு மேல் வருவதைப் பக்கத்துத் தோப்புக்காரரிடம் விற்றுவிடுங்கள். கீழே கொட்டாதீர்கள். அவ்வளவு நடந்து கசிவு அடைத்ததெல்லாம் விழலுக்கு இறைத்த நீராகிவிடும்.

மார்ச் 25

பெர்த் அண்ணா 3/16 குழாயைச் சரிவில் ஒரு வரி போட்டுப் பார்த்தாராம். உச்சியில் 24 அங்குலம் என்று படம் அனுப்பியிருக்கிறார். அருமை.

ஆனால் பெப்ரவரி 22இல் நான் எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். அந்த ஒடுங்கிய குழாய் முதல் ஆண்டில் தரும் விளைச்சலைத் தொடர்ந்து தராது. தொங்கு குழாய் வந்து சேரும் டீ (T வடிவ) இணைப்புகளின் வாயில் நுண்ணுயிர்ப் படலமும் மரத்துகளும் சேர்ந்து அடைக்கும். ஆண்டுக்காண்டு சாறு குறையும், மரத்தின்மேல் பழி விழும். பருவம் முடிந்ததும் சுத்தம் செய்வதை விடாதீர்கள். வாயகன்ற டீ கிடைத்தால் மாற்றுங்கள். சிலர் பிரதான குழாயை ஒட்டிய அடிப்பகுதிக்கு மட்டும் 3/16 வைத்து, மரங்களுக்கிடையே 5/16 போடுகிறார்கள். அது நன்றாக வேலை செய்வதைப் பக்கத்துத் தோப்பில் பார்த்தேன்.

மார்ச் 30

பிரதான குழாய் தொய்வதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே எழுதுகிறேன். 2022 மே 21ஆம் நாள் இந்தப் பகுதியைப் புரட்டிப்போட்ட சூறாவளிக் காற்று எங்கள் தோப்பில் விழுத்தாட்டிய மரங்கள் பெரும்பாலும் குழாய்மேல்தான் விழுந்தன. நிமிர்த்திக் கட்டியபோது கண்ணளவில் கட்டினோம். குழாய் நேராகத்தான் தெரிந்தது. ஆனால் ஒரு தாழ்வில் சாறு தேங்கி, இரவில் உறைந்து, காலையில் எல்லா மரங்களும் உருகிய பின்னும் அந்த ஒரு பனிக்கட்டி வெற்றிடத்தை மேலே விடாமல் மறித்துக்கொண்டிருந்தது. நாளின் முதல் மணி நேரங்கள்தான் நல்ல ஓட்டம். அது போய்விடும்.

மட்டம் பார்க்கும் கருவியால் 2 விழுக்காட்டுச் சரிவு வையுங்கள், 100 அடிக்கு 2 அடி. தாங்குவதற்கு உயர்இழுவிசைக் கம்பி, அதில் அடிக்கொரு கட்டு. மரத்தில் கம்பி பதியாமல் இடையில் மரத்துண்டு வைக்க மறக்க வேண்டாம்.

ஏப்ரல் 9

நேற்றுக் காய்ச்சிய பாகில் மொட்டு வாடை, மரம் மொட்டுவிடத் தொடங்கும்போது வரும் கெட்ட வாடை. மூக்கை அருகே கொண்டுபோனதுமே தெரிந்தது. அதோடு நிறுத்திவிட்டோம். வெற்றிடம் இருந்தால் இதற்குப் பிறகும் சாறு வரும், அதுதான் ஆசைகாட்டும். வேண்டாம். ஒரு தொட்டி மொட்டுச்சாறு முந்தைய நல்ல பாகோடு சேர்ந்தால் எல்லாம் போச்சு.

ஏப்ரல் 12

கடைசியாக வந்த இரண்டு கேள்விகளுக்குச் சேர்த்தே பதில்.

குழாய் கழுவ வீட்டு வெளுப்பான் பயன்படுத்தலாமா என்றால், நான் பயன்படுத்துவதில்லை. அதிலுள்ள சோடியம் உப்புக்கு அணில்கள் வரும், கோடை முழுவதும் கடிக்கும். நல்ல நீரும் காற்றும் சேர்த்துத் தள்ளி, நீரை முழுவதும் வடியவிட்டு, முனை இருந்த வாயை மூடிவைத்தால் பெரும்பகுதி வேலை முடிந்தது. கியூபெக்கில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஊற்றுகிறார்கள். அப்படிச் செய்தால் அடுத்த பருவத்தின் முதல் ஓட்டத்தைத் தொட்டிக்கு விடாமல் வெளியே கொட்ட வேண்டும்.

அடுத்த ஆண்டு ஓடைக்கு அப்பாலும் 150 துளைகள் சேர்க்கலாமா என்று தம்பி கேட்கிறார். பம்பு தாங்கும், மூன்று மடங்கும் தாங்கும். ஆனால் காய்ச்சும் தட்டு தாங்காது என்று இந்த மார்ச் காட்டிவிட்டது. முதலில் சவ்வு இயந்திரம், பிறகு ஓடை.

அதற்கும் முன்னால் இந்த வாரமே எல்லா முனைகளையும் கழற்றிவிடுங்கள். மரத்தில் தங்கிவிட்ட முனை துளையை மூடவிடாது. கழற்றும்போதே ஒவ்வொரு துளையும் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்; அடுத்த ஆண்டுத் துளை அதற்கு நேர் மேலேயோ கீழேயோ வரக்கூடாது. பக்கவாட்டில் சில விரற்கடை நகர்த்தி, மேலேயோ கீழேயோ ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்.